மின்-விலைப்பட்டியல்: நாளுக்கு 2,740 ரிங்கிட் விற்கும் கடையும் தப்பாது

அம்பாங் – இ-இன்வோய்ஸ் எனப்படும் மின்-விலைப்பட்டியல் பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடும் சிறு வணிகர்கள் பலர். ஆனால் அம்பாங்கில் ஒரு மளிகைக் கடையோ வாழையிலை உணவகமோ நாளுக்குச் சுமார் 2,740 ரிங்கிட் விற்றாலே, ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டைத் தொட்டுவிடும். கணக்கில் எடுக்கப்படுவது லாபம் அன்று, மொத்த விற்பனை. வாடகை, சம்பளம், சரக்கு எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது இதில் பார்க்கப்படுவதில்லை.

யாருக்கு, எப்போது?

ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1 ஆம் தேதி இத்திட்டம் தொடங்கியது. பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை விற்பனை உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. முன்பு 5 லட்சமாக இருந்த விலக்கு வரம்பை 10 லட்சமாக உயர்த்துவதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2025 டிசம்பரில் அறிவித்தார். அதற்குக் கீழே உள்ளவர்கள் வழக்கமான ரசீதையே தொடரலாம்.

எந்தக் கட்டத்தில் வருகிறோம் என்பதற்குப் பொதுவாக 2022 ஆம் ஆண்டுக் கணக்கே அடிப்படை. அதன் பின் கடை திறந்தவர்களும், விற்பனை பெருகி வரம்பைத் தாண்டியவர்களும் தங்களுக்குரிய தேதியை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

எது மின்-விலைப்பட்டியல்?

ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது மின்-விலைப்பட்டியல் ஆகாது. விற்பனை விவரம் வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்திற்குப் போக வேண்டும். அங்கே சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணும் கியூஆர் குறியீடும் கிடைத்த பிறகே அது செல்லும். பிழை இருந்தால் 72 மணி நேரத்திற்குள் ரத்து செய்யலாம். அந்த நேரம் கடந்துவிட்டால் வரவுக் குறிப்பு அல்லது பற்றுக் குறிப்பு அனுப்பித்தான் திருத்த முடியும்.

தோசைக்கும் டீக்கும் வேண்டுமா?

வேண்டாம். மின்-விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, மாதம் முடிந்த 7 நாள்களுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். சிறு கடைகளுக்கு இதுதான் பெரிய வசதி. ஆனால் ஒரே விற்பனை 10,000 ரிங்கிட்டைத் தாண்டினால் தொகுப்பில் சேர்க்க முடியாது. திருமண விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாகன விற்பனை போன்ற சில துறைகளுக்கும் தொகுப்பு வசதி இல்லை.

வாங்குவதிலும் ஒரு விஷயம் உண்டு. வியாபாரி அல்லாத ஒருவர் வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையையோ வாழையிலையையோ கடைக்குக் கொடுத்தால், அவருக்குப் பதிலாகக் கடைக்காரரே சுய விலைப்பட்டியல் போட வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவுக்குக் கணக்கில் ஆதாரம் இருக்காது.

எப்படித் தொடங்குவது?

முதலில் வரி அடையாள எண்ணைத் தேடி எடுங்கள். தனி உரிமையாளருக்கு அது ‘ஐஜி’ என்று தொடங்கும். மைடேக்ஸ் தளத்தில் நுழைந்து அங்கிருந்து மைஇன்வோய்ஸுக்குச் செல்லலாம். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாக இருந்தால், இயக்குநர் தம் பொறுப்பை மைடேக்ஸில் முதலில் பதிவு செய்ய வேண்டும்.

மைஇன்வோய்ஸ் தளமும் அதன் கைப்பேசிச் செயலியும் இலவசம். மாதம் ஒரு தொகுப்பும் சில தனி விலைப்பட்டியல்களும் மட்டுமே அனுப்பும் கடைக்கு இவையே போதும். விலை உயர்ந்த மென்பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், கையெழுத்துப் போடும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளும் பல நிறுவனங்களுக்கு விலைப்பட்டியல் போடுபவர்களுக்கே தனி மென்பொருள் பயன் தரும்.

வாடிக்கையாளர் கேட்டால் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணுடன் வரி அடையாள எண்ணையோ மைகாட் எண்ணையோ வாங்கிக்கொண்டால் போதும்.

தவறினால்?

கடப்பாடு உள்ளவர் மின்-விலைப்பட்டியல் வெளியிடத் தவறினால், 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 120 ஆவது பிரிவின்படி ஒவ்வொரு தவற்றுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புதிதாகச் சேருபவர்களுக்குத் தொடக்கக் காலத் தளர்வு உண்டு. அதைப் பழகிக்கொள்வதற்கான காலமாகப் பயன்படுத்த வேண்டும்.

பல கடைகளில் கணினியை விடப் பெரிய தடை கணக்குதான். கடன் விற்பனை 555 நோட்டிலும், ரொக்கம் மேசை இழுப்பறையிலும், மீதி முதலாளியின் நினைவிலும் இருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. இன்றே ரசீதுகளுக்கு வரிசை எண் போட்டு, கடை மூடும்போது அன்றைய மொத்தத்தை எழுதி வையுங்கள். 10 லட்சம் வரம்புக்கு மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.