களிம்பு டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அழகு நிலையங்களில் உட்கார இடம் கிடைக்காது. புருவம் எடுத்த இடம் சிவக்கும், வேக்ஸ் சுட்டுவிடும், ஃபேஷியல் செய்த முகத்தில் பரு பொங்கும். இதெல்லாம் பெரும்பாலும் சில நாளில் ஆறிவிடும். ஆறாதது வேறு. வேலையிடத்து அக்காவிடமோ டிக்டாக் நேரலையிலோ வாங்கும் ‘டே க்ரீம், நைட் க்ரீம்’ ஜோடி. ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்பார்கள். சில நேரம் உண்மையிலேயே வெளுக்கும். பயப்பட வேண்டியது அப்போதுதான்.

அந்த வேகத்தின் பின்னால் பெரும்பாலும் இருப்பது பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவற்றில் ஒன்று. முகத்துக்கான அழகுசாதனக் களிம்பில் இவை எதையும் சேர்க்க மலேசியாவில் அனுமதியில்லை. ட்ரெட்டினோயின் தோலை உரித்து எரியவைக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஹைட்ரோகுயினோனை மருத்துவர் பார்வையில்லாமல் நெடுநாள் பூசினால் நீலக்கருமை படரும், லேசில் போகாது. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு வகை. தோல் மெலியும், நிறுத்தியதும் முகம் சிவந்து பொங்கும்.

பாதரசம் பலருக்கு வலிப்பதேயில்லை. முகத்தை வெளுக்க வைத்துக்கொண்டே தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே, சிறுநீரில் புரதம் ஒழுகும் ‘மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி’ நோயாளிகள் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதல். பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும் என்பதால் அதே வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்துண்டு.

டப்பாவில் ‘தங்கம், வெள்ளி நகைகளில் படவேண்டாம்’ என்று எழுதியிருந்தால் பாதரசம் இருப்பதாகவே சந்தேகப்படுங்கள். அது தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாலிக்கொடியைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு அதே களிம்பைக் கழுத்தில் தேய்ப்பது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை!

சட்டப்படி விற்கப்படும் அழகுசாதனப் பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் அறிவிப்பு எண் உண்டு. அது இருந்தால் மட்டும் போதாது. விற்பனைக்கு முன் அரசு ஒவ்வொன்றையும் சோதிப்பதில்லை. நிறுவனம் தன் பொறுப்பில் அறிவிக்கிறது, மாதிரியெடுத்துச் சோதிப்பது பிறகுதான். விஷம் பிடிபட்டால் எண் ரத்தாகும், டப்பா மட்டும் எங்காவது விற்றுக்கொண்டிருக்கும். ஆகவே பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

முகம் எரிந்ததும் கோபத்தில் டப்பாவைத் தூக்கியெறிகிறோம். அதுதான் உங்கள் சாட்சி. மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முகத்தின் படம் எல்லாவற்றோடும் வைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். என்.பி.ஆர்.ஏ.விடம் பக்கவிளைவுப் புகாரை நீங்களே தரலாம். அறிவிக்கப்படாத பொருளை விற்ற தனிநபருக்கு 1984 மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போகவேண்டும். ஆனால் உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது; அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். அதற்கு முன், விற்றவரிடம் ‘இதைத் தயாரித்தது யார், இறக்குமதி செய்தது யார்’ என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவர் தலையிலேயே விழும். வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்யும் அக்காவுக்கும் இது பொருந்தும்.