ஆலோசகர் அறைக்கு வெளியே ஆற வேண்டிய காயங்கள்

ஒரு நியமனத்தோடு முடியாத கடமை

2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஆலோசகரை நியமித்ததும் வேலை முடிந்தது என்று பல்கலைக்கழகங்கள் இருந்துவிடக் கூடாது. மதிப்பெண்ணை வைத்து மாணவரைப் பிரிப்பதையும் பலர் முன் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். மனம் தேறுவதில் வகுப்பறைக்கும் விடுதிக்கும் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு.

பாதுகாப்பே முதல் படி

வன்முறையையோ திடீர் இழப்பையோ சந்தித்தவரின் உடல், ஆபத்து நீங்கிய பிறகும் விழிப்பிலேயே இருக்கக்கூடும். தூக்கம் கெடும், படித்தது மனதில் தங்காது, சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். பெரும்பாலோர் நெருங்கியவர்களின் துணையோடு மெல்லத் தேறிவிடுவார்கள். சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், மீட்சியின் முதல் கட்டமாகப் பாதுகாப்பையே வைத்தார். நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது அதற்குப் பிறகுதான். அந்தப் பாதுகாப்பை ஆலோசகர் தனியாகத் தந்துவிட முடியாது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் மெஸ்ஸிலும் விளையாட்டிலும் ஒதுக்கப்படுவதை அங்கு நிலவிய பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் வெளிக்கொணர்ந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசனை பெற்றுவிட்டு, மூன்று வேளையும் தன்னை ஒதுக்கும் சாப்பாட்டு மேசைக்கே திரும்பும் மாணவர் எப்படித் தேறுவார்? பாகுபாட்டை நீக்குவது சமூகநீதிக் கடமை. அதுவே மனநலப் பணியும்கூட.

இரண்டு ஆட்சேபங்கள்

ஆசிரியர்கள் மருத்துவர்கள் அல்லவே என்பார்கள். உண்மைதான். அவர்களிடம் யாரும் சிகிச்சை கேட்கவில்லை. தொடர்ந்து வகுப்புக்கு வராதவரைத் தனியே அழைத்து விசாரிப்பது, குறுக்கிடாமல் கேட்பது, உரியவரிடம் அனுப்புவது ஆகியவை பயிற்சியால் யாருக்கும் கைவரும். விவரங்களைத் துருவிக் கேட்காமலிருப்பதும் அதில் அடங்கும். சலுகை கொடுத்தால் கல்வித் தரம் குறையும் என்பது அடுத்த வாதம். துக்கத்தில் இருப்பவருக்குத் தேர்வைச் சில வாரம் தள்ளிவைத்தால் வினாத்தாள் எளிதாகிவிடாது. படித்ததை எழுதும் நிலையில் அவர் இருப்பார், அவ்வளவே. அதிர்ச்சியின் தடுமாற்றத்தை அறிவின் குறையாகக் கணக்கிடுவதுதான் தவறான மதிப்பீடு.

நிர்வாகத்தின் கையில் இருப்பவை

நிர்வாகம் செய்யக்கூடியவற்றுள் பலவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. உதவித்தொகை உரிய நாளில் கிடைக்க வேண்டும்; வருகைப்பதிவு குறைந்ததற்கான காரணத்தைக் கேட்காமல் ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் விசாரணை முடியும்வரை ஒரே விடுதியில் இருக்கும் நிலை கூடாது. ஆலோசகரிடம் சொன்னது துறைத் தலைவரின் காதுக்குப் போகும் என்ற அச்சம் இருந்தால் அந்த அறைக்கு யாரும் வரமாட்டார்கள். கட்டணமில்லாத டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அதை விடுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது. ஆனால் அந்த எண்ணை அழைக்கும் நிலைக்கு மாணவரைத் தள்ளும் விதிகளைத் திருத்த நிர்வாகத்தால் மட்டுமே முடியும்.