சேலத்தில் ஒரு சினிமா ஆலை

பேசும் படம் வந்தபோது தமிழ் சினிமாவுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. 1931-ல் 'காளிதாஸ்' உருவானது பம்பாயில். அடுத்த சில ஆண்டுகள் தமிழ்ப் படம் எடுக்கக் கிளம்பியவர்கள் நாடகக் குழுவையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலேற்றிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போனார்கள். அங்கே ஸ்டுடியோவுக்கு வாடகை, இங்கிருந்து போனவர்களுக்குச் சாப்பாடு. நாள் தள்ளத் தள்ள முதலாளிக்கு வயிற்றில் புளி கரைந்தது.

ஊமைப் படத்துக்கு வெயில் போதும். தோப்பிலும் எடுக்கலாம், மொட்டை மாடியிலும் எடுக்கலாம். மைக் வந்ததும் எல்லாம் மாறிற்று. பின்னணிப் பாட்டு வராத காலம். நடிகர் காமிரா முன்னால் பாடியாக வேண்டும். ஹார்மோனியமும் மிருதங்கமும் காமிராவின் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். சுருதி பிசகினால் மறுபடி முதலிலிருந்து. வீணான பிலிம் வீணானதுதான். காக்கையை விரட்டத் துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்த கதைகூட உண்டு. ஆக நான்கு சுவர், ஒலிப்பதிவு இயந்திரம், பிலிம் கழுவ லாப் எல்லாம் வேண்டும். அத்தனைக்கும் போட்ட பணம் சும்மா கிடந்தால் நஷ்டம். படம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டுடியோ முறையின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கலைத் தாகமெல்லாம் பிறகு.

1934-ல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனாட்சி. தமிழ் சினிமா வரலாறு அவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்காதது அநியாயம்.

ஆனால் அந்த ஸ்டுடியோக் கணக்கை முழுசாகப் போட்டவர் சேலத்துக்காரர். டி.ஆர். சுந்தரம் நெசவுத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்த ஆரம்பப் படங்களுக்கு அவரும் கல்கத்தாவுக்குத்தான் போனார். அலைந்தது போதும் என்று 1930-களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைக் கட்டினார். 1937-ல் 'சதி அகல்யா'. மறு ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'. ஒரே மொழியை நம்பி இயந்திரத்தைக் காயப்போடுவானேன்?

மில் நடத்துவதுபோலவே நடத்தினார். நடிகர், கதாசிரியர், தொழில்நுட்பக்காரர் எனப் பலரும் மாதச் சம்பளம். நேரம் தவறினால் முதலாளி பொறுக்கமாட்டார் என்பது ஊரறிந்த சேதி. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள்தான். 1950-ன் 'மந்திரி குமாரி'யில் கருணாநிதியின் வசனமும் எம்.ஜி.ஆரும் சேர்ந்தது இந்த வளாகத்தில். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வாசல் வழியாக வெளியே வந்தன. எல்லாம் மணியான படங்கள் என்று சொல்லமாட்டேன். தறி ஓட வேண்டுமே என்று நெய்த துணியும் உண்டு.

சுந்தரம் 1963-ல் காலமானார். அதற்குள் நட்சத்திரங்கள் மாதச் சம்பளத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். படத்துக்கு இவ்வளவு என்று பேசி, கால்ஷீட் கொடுத்தார்கள். தனித் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். சென்னை ஸ்டுடியோக்களின் தளங்கள் அவர்களுக்கு நாள் வாடகைக்குப் போயின, பழைய கல்கத்தா கணக்கில்.