2 லிட்டர் ஈரமும் 1,390 மீட்டர் இறக்கமும்

மலேசியாவில் கேமரன் மலையின் அடிவாரத்திலுள்ள தாப்பா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமேல் உள்ள தானா ராத்தா 1,440 மீட்டரில். இடையே சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதை. ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.65 டிகிரி செல்சியஸ் குறைவதாகக் கொண்டால், 1,390 மீட்டருக்கு 9 டிகிரி. கேமரன் மலைத் தோட்டங்களில் காருக்குள் எழும் பூஞ்சை வாடைக்கு முதல் காரணத்தை இந்த 9 டிகிரியில் தேடலாம்.

அடிவாரத்து வெயில் நேரத்தின் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 30.4 கிராம். மலைமேல் மழை நேரத்தின் 18 டிகிரியில் 15.4 கிராம். பாதிதான்.

கம்பளத்துக்கு அடியில் உள்ள பஞ்சு 2 லிட்டர் நீரைக் குடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு மழை பெய்யும் ஊரில் இது மிகையான கணக்கல்ல. நனைந்த காலணி, குடை, தேய்ந்த கதவு ரப்பர், இலைச்சருகு அடைத்த வடிகால் எல்லாம் சேர்ந்து கொடுப்பது. தாப்பாவில் 30 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம் எனில் ஒரு கன மீட்டர் காற்று மேலும் 12.2 கிராம் நீரை ஏற்கும். 2,000 கிராமுக்கு 164 கன மீட்டர் காற்று போதும். தானா ராத்தாவில் 18 டிகிரி, 90 விழுக்காடு எனில் ஏற்பது 1.5 கிராம், தேவை ஏறத்தாழ 1,300 கன மீட்டர். 8 மடங்கு. இது காற்றின் கொள்ளளவுக் கணக்கு மட்டுமே. எத்தனை மணி நேரமாகும் என்பதைச் சொல்லாது. ஆனால் நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 'கதவைத் திறந்து போட்டால் காய்ந்துவிடும்' என்பது அடிவாரத்து அறிவு.

தேயிலைத் தொழிற்சாலைக்கு இது புதிதல்ல. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமானாலும் வேறு எதுவானாலும், 5 கிலோ பச்சை இலையிலிருந்து கிடைப்பது சுமார் 1 கிலோ தூள். அதில் எஞ்சும் ஈரம் 3 விழுக்காடு அளவே. மலைக்காற்றை நம்பி அந்த 3 விழுக்காட்டை எட்ட முடியாது. காற்றைச் சூடாக்கியே உலர்த்துகிறார்கள். ஆனால் மலேசியாவில் விற்கும் சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது.

மழை இல்லாத நாளிலும் கணக்கில் ஈரம் ஏறுகிறது. மூச்சும் தோலும் சேர்த்து ஒருவர் மணிக்குச் சுமார் 45 கிராம் நீரை வெளிவிடுகிறார். நால்வர், ஒன்றரை மணிப் பயணம்: 270 கிராம். காரின் உட்புறம் 3 கன மீட்டர் எனில் 18 டிகிரியில் அது தாங்குவது 46 கிராம். வழியிலுள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றி ஏர்கோனை அணைப்பவர்கள் மீதி 224 கிராமில் பெரும்பகுதியைக் கண்ணாடிக்கும் இருக்கைத் துணிக்கும் கொடுக்கிறார்கள்.

ஆகவே குளிரானாலும் ஏர்கோனை ஓட்டுவதே மலிவான வழி. அதன் குளிர்சுருள் 5 டிகிரியில் இருந்தால், கடந்து வரும் காற்றில் கன மீட்டருக்கு 6.8 கிராம் நீரே மிஞ்சும். ஏறத்தாழ 7 கிராம் சொட்டுக் குழாய் வழியே வெளியேறும். அதே 2 லிட்டரை வெளியேற்ற 1,300-க்குப் பதில் 285 கன மீட்டர். காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். பத்து நிமிடமாகியும் சொட்டாவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம், அந்த நீர் முன்பக்க இடது கம்பளத்துக்கு வந்துசேரும். ஊர் சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏர்கோனை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருளும் ஓரளவு உலரும். சிலிக்கா ஜெல் தன் எடையில் அதிகபட்சம் 40 விழுக்காடு நீரை ஏற்கும்: 2 லிட்டருக்கு 5 கிலோ வேண்டும். கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை அகற்றும் நீர் 0 கிராம்.

மற்ற வாடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இனிப்பு வாடை, ரேடியேட்டர் திரவத்தின் எத்திலீன் கிளைக்கால் கசிவு. அழுகிய முட்டை வாடை, அளவுக்கு மீறி மின்னேறும் பேட்டரி அல்லது புகைக்குழாயின் வினையூக்கி மாற்றி. அந்த வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் மூக்கே மரத்துவிடும், வாடை நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. 1 மணி நேரத்துக்கு உலக சுகாதார அமைப்பு வைத்துள்ள வரம்பு கன மீட்டருக்கு 35 மில்லிகிராம். புகை வாடையோடு தலைவலியும் வந்தால் கண்ணாடியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, வெளியே வாருங்கள்.

இறக்கத்தில் வரும் கருகல் தனிக் கணக்கு. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 1,390 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 16.3 மெகாஜூல், 20 டிகிரி நீர் ஏறத்தாழ 49 லிட்டரை 100 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு. ஒரு பகுதியை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். 8 விழுக்காடு சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும்போது, அவை போக மிஞ்சும் ஏறத்தாழ 8 கிலோவாட்டைத் தாழ்ந்த கியரில் எஞ்சின் பகிர்ந்துகொள்ளாவிட்டால் பிரேக் பேட் மட்டுமே சுமக்க வேண்டும்.

கம்பளத்தை நனைத்த அதே ஈரக்காற்று பிரேக் எண்ணெயிலும் நுழைகிறது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த வரம்பு 140 டிகிரி. எண்ணெய் கொதித்தால் பெடல் தொய்ந்துவிடும். தாப்பா இறக்கத்தில் கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல் ஆறவிடுங்கள்; அடிவாரம் சேர்ந்ததும் பட்டறையில் பேட்டோடு எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள்.