ஆற்றைக் கேட்டல்: ஓர் ஒலி வரைபடத்தை முன்வைத்து

தமிழ் இலக்கியம் படித்தவனான எனக்கு ஆற்றின் ஓசை என்றால் 'சலசல'தான். இரட்டைக்கிளவிக்கு ஓர் உதாரணம், அத்தோடு சரி. 'சலசலன்னு ஓடுது' என்று எழுதிவிட்டால் ஆற்றைக் கேட்டுவிட்டதாக ஆகிவிடுகிறது. அன்னியா லாக்வுட்டின் 'டான்யூப் ஆற்றின் ஒலி வரைபடம்' இந்தச் சௌகரியத்தைக் குலைக்கிறது.

1939இல் நியூசிலாந்தில் பிறந்த லாக்வுட், 1982இல் ஹட்சன் ஆற்றுக்கு இப்படியொரு வரைபடம் செய்தவர். 2001 முதல் 2004 வரை டான்யூப் நெடுகப் பயணம் செய்தார். ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் தொடங்கி கருங்கடல் கழிமுகம் வரை 59 இடங்களில் ஒலிப்பதிவு. ஒலிவாங்கியை நீருக்கடியிலும் இறக்கினார். பத்து நாடுகளைத் தொடும் ஆறு அது. ஆனால் காதுக்கு எல்லைக்கோடு எதுவும் தட்டுப்படுவதில்லை. அரசின் வரைபடத்திற்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இது.

கரையில் வாழ்பவர்களிடம் அவர் இரண்டு கேள்விகள் கேட்டார்: இந்த ஆறு உங்களுக்கு என்னவாக இருக்கிறது? இது இல்லாமல் உங்களால் வாழ முடியுமா? பதில்கள் அவரவர் மொழியிலேயே ஒலிக்கின்றன. மொழிபெயர்ப்பு தனியே அச்சில். முதல்முறை கேட்டபோது எனக்கு ஒண்ணும் புரியல. நீரும் குரலும் ஒரே ஓசையாகிவிட்டன. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. சிக்கலும் அங்கேதான். பேச்சு வெறும் ஓசையாகும்போது, பேசுகிறவர் நிலக்காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார். மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டால்தான் அவர் மனிதராகத் திரும்பி வருகிறார்.

இன்னொன்று. ருமேனியாவும் யூகோஸ்லாவியாவும் சேர்ந்து 1964இல் தொடங்கி 1972இல் முடித்த இரும்புக் கதவு அணையால், துருக்கியர் வாழ்ந்த அடா கலே தீவு முழுகிப்போனது. இன்று அந்த இடத்தில் ஒலிவாங்கியை இறக்கினால் நீர் அமைதியாகத்தான் கேட்கும். அந்த அமைதியை இயற்கை என்று எடுத்துக்கொள்வோமா, அழிவின் தடயம் என்றா? ஒலி அதைச் சொல்லாது. 'இது இல்லாமல் வாழ முடியுமா' என்ற கேள்விக்கு அத்தீவு மக்கள் சார்பில் அணையே பதில் சொல்லிவிட்டது.

'ஆறு பேசுகிறது' என்று நாம் எழுதும் கற்பனாவாத வாக்கியத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஆறு ஒலிக்கும், பேசுகிறவர்கள் அதன் கரையில் இருப்பவர்களும் அங்கிருந்து விரட்டப்பட்டவர்களும்தான். நாளைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஆற்றங்கரைக்குப் போகிற தோழர்கள், தண்ணியை மட்டும் பதிஞ்சிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.