மாமாவின் மாத்திரைகள்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். சென்ற ஆண்டு என் தாய்மாமன் நீட்டிய சீட்டில் லித்தியம் கார்பனேட் என்றிருந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் சுடர் சோதனையின்போது கருஞ்சிவப்பாக எரியுமே, அதே லித்தியம்! தனிம வரிசையில் மூன்றாவதாக நிற்கும் இந்த எளிய உலோகத்திற்கு மாமாவின் மனத்தில் என்ன வேலை?

மாமாவுக்கு இருமுனை மனநோய். சில வாரங்கள் உறக்கமே இராது. நள்ளிரவில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், கடன் வாங்கி இருபது ஆடுகளை ஓட்டி வருவார். பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். காற்றுக் கருப்பு என்றனர் ஊரார்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், உடலில் ஏதோ ஒரு பொருள் மிகுவதால்தான் பித்து நிலை வருகிறது என்று எண்ணினார். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தின்மேல் அவருக்கு ஐயம். அதுவோ நீரில் எளிதில் கரையாது. ஆகவே நன்கு கரையும் லித்தியம் யூரேட்டை எடுத்துக்கொண்டார். பன்றிகள் சாந்தமாகிவிட்டன! காரணம் யூரிக் அமிலமன்று, லித்தியமே என்று கண்டு, தாமே அதை விழுங்கிப் பார்த்தபின், பித்து நிலையிலிருந்த 10 பேருக்குக் கொடுத்து 1949-இல் முடிவை வெளியிட்டார். கருதுகோள் தவறு, மருந்து சரி. நம் செய்முறைத் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்பது ஐயமே.

ஆயினும் மனநோய்க்கு உடலில் காரணம் தேடியது வீண் போகவில்லை. இந்நோய் உள்ளவர்களுக்கு நீரிழிவும் உடற்பருமனும் மற்றவர்களைவிட மிகுதி. ஆயுள் குறைகிறது, அதற்கு இதயநோய் ஒரு முக்கியக் காரணம். ஓலன்சபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் பழி முழுவதும் மருந்துக்கன்று. அம்மருந்துகள் பிறக்குமுன், 1879-லேயே, மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் தென்படுகிறது என்று ஹென்றி மாட்ஸ்லி எழுதிவிட்டார்.

உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. எனவே வளர்சிதை மாற்றம் தடுமாறினால் மனமும் தடுமாறக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது. கனடாவில் சிந்தியா கால்கின் குழுவினர், இருமுனை நோயின் தீராத மனச்சோர்வோடு இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்கு, நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்த்தனர். இன்சுலின் எதிர்ப்பு நீங்கியவர்களுக்குச் சோர்வும் குறைந்தது என்று 2022-இல் அறிவித்தனர். சிறிய ஆய்வுதான், இதைக்கொண்டு முடிவு கட்டலாகாது.

மாமாவுக்கும் சர்க்கரை வந்தது, இரத்த அழுத்தமும் வந்தது. அத்தை ஒரே நாளில் உப்பை நிறுத்திவிட்டார். சில நாள்களில் மாமாவுக்குக் கை நடுங்கியது, வாந்தி எடுத்தார், நடை தள்ளாடியது. பழைய நோய் திரும்பிவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், லித்தியம் மிகுந்துவிட்டது என்றார். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. உடலில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் முதல் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மனப்பாடம் செய்த எனக்கு இது தோன்றவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.

இப்போது அத்தை நாள்தோறும் ஒரே அளவு உப்புப் போடுகிறார். மாமா மட்டும் இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏன்டா மாப்ளே, இதுல எது மனசுக்கு, எது சர்க்கரைக்கு?" என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்தே சொல்கிறேன்.