நெஞ்சுக்குள் ஒரு காவல்காரன்!

குருவைப் பறிகொடுத்த டாக்டரின் 14 ஆண்டுப் போராட்டம்

ஓடிக்கொண்டிருந்த கால்பந்து வீரர் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. அடியும் படவில்லை. ஆள் அப்படியே சாய்ந்துவிட்டார்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2021 ஜூன் 12-ந்தேதி நடந்த சம்பவம் இது. பின்லாந்துடன் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். விழுந்தவர் டென்மார்க் அணியின் நட்சத்திர வீரர் கிறிஸ்டியன் எரிக்சன். வயது 29.

அவருடைய இதயம் நின்றுபோயிருந்தது!

சக வீரர்கள் சுற்றிலும் வட்டமாக நின்று மறைத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். எரிக்சன் பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய உடம்புக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி இதயம் மக்கர் பண்ணினால், அந்தப் பெட்டியே உள்ளிருந்து மின்சார அதிர்ச்சி கொடுத்து எழுப்பிவிடும்.

இந்தப் பெட்டி பிறந்ததற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. ஒரு டாக்டரின் பிடிவாதமும் இருக்கிறது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

மாரடைப்பு வேறு, இது வேறு

மாரடைப்பு என்பது குழாயில் அடைப்பு. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைக்கும்.

இதுவோ மின்சாரக் கோளாறு. இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதற்கும் உள்ளேயே ஒரு சின்ன மின் உத்தரவு பிறக்கிறது. அந்த உத்தரவுப்படி இதயத்தின் சதை எல்லாம் சேர்ந்து சுருங்குகிறது. ரத்தம் பாய்கிறது.

அந்த உத்தரவு தாறுமாறானால்?

நாற்சந்தியில் சிக்னல் அணைந்துவிட்டது. போலீஸ்காரரும் இல்லை. நாலு பக்கத்து பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகின்றன. எல்லா வண்டியும் உறுமும். ஒன்றும் நகராது. இதயத்துக்குள் நடப்பதும் அதுதான். சதை நடுங்குகிறது, ரத்தம் நகரவில்லை. டாக்டர்கள் இதை 'வென்ட்ரிகுலர் பிப்ரிலேஷன்' என்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கும் இது வரலாம். வராதவருக்கும் வரலாம்.

சில வினாடிகளில் மயக்கம். சில நிமிடங்களில் சாவு. நெஞ்சில் பலமாக ஒரு மின்சார அதிர்ச்சி கொடுத்தால்தான் இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பும். நெஞ்சைக்கூட அமுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும்.

குருவின் சாவு

1966-ம் ஆண்டு. இஸ்ரேல் நாட்டில் டாக்டர் ஹாரி ஹெல்லர் என்ற பெரிய பேராசிரியருக்கு இந்த மாதிரி இதயத் துடிப்புக் கோளாறு அடிக்கடி வந்தது. அவருடைய சிஷ்யர்களில் ஒருவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. இதய டாக்டர்.

குரு எந்த நேரமும் சாகலாம் என்று சிஷ்யருக்குத் தெரியும். ஆனால் என்ன செய்வது? ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்க வைக்க முடியுமா? அதிர்ச்சி கொடுக்கும் எந்திரத்தைத்தான் போகிற இடத்துக்கெல்லாம் சுமந்துகொண்டு போக முடியுமா? அந்த எந்திரம் அப்போது பெட்டி படுக்கை கனம்.

கொஞ்ச நாளில் ஹெல்லர் திடீரென்று இறந்துபோனார்.

மிரோவ்ஸ்கி மனம் உடைந்துபோனார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்குப் 'பேஸ்மேக்கர்' என்ற கருவியை உடம்புக்குள் வைக்கும் வழக்கம் 1958-லேயே சுவீடனில் தொடங்கியிருந்தது. அதே போல அதிர்ச்சி கொடுக்கும் எந்திரத்தையும் சுருக்கி நெஞ்சுக்குள் வைத்தால் என்ன?

கேட்ட நிபுணர்கள் எல்லாம் நடக்காத காரியம் என்று கையை விரித்தார்கள்.

சாவுக்குத் தப்பியவர்

ஆனால் மிரோவ்ஸ்கி அசைந்து கொடுக்கிற ஆள் இல்லை. போலந்து நாட்டின் வார்சா நகரில் 1924-ல் பிறந்த யூதர் அவர். 1939-ல் இட்லரின் படை நுழைந்தபோது வீட்டை விட்டுத் தப்பி ஓடினார். அப்போது வயது 15 தான். போர் முடிந்தபோது அவருடைய குடும்பத்தில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர் மட்டுமே.

பிறகு பிரான்சில் லியோன் நகரில் டாக்டர் படிப்பு. தெரியாத ஊர், தெரியாத பாஷை. அதையும் கற்றுக்கொண்டு பாஸ் செய்தார்.

1968-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குப் போனார். அங்கே சினாய் ஆஸ்பத்திரியில் வேலை. ஆராய்ச்சிக்கும் நேரம் உண்டு. அங்கே இருந்த மார்ட்டன் மோவர் என்ற இளம் இதய டாக்டர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். 1969-ல் வேலை ஆரம்பமாயிற்று. அதே ஆண்டு நாயிடம் முதல் சோதனை நடந்தது.

பெரியவரின் எதிர்ப்பு

1972-ல் பெரிய இடி ஒன்று விழுந்தது. பெர்னார்ட் லவுன் என்ற புகழ்பெற்ற இதய நிபுணர், 'சர்க்குலேஷன்' என்ற மருத்துவப் பத்திரிகையில் இந்தத் திட்டத்தை இன்னொரு டாக்டருடன் சேர்ந்து சாடி எழுதினார்.

யார் இந்த லவுன்? நேர்மின்சார அதிர்ச்சியால் இதயத்தைச் சரிசெய்யும் முறையை 1962-ல் கொண்டு வந்தவரே அவர்தான்!

இது அரைகுறைத் தீர்வு, உபயோகத்தைத் தேடி அலைகிறது என்பது அவர் கருத்து. இந்த நோய் அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கவனிப்பும், மருந்தும், ஆபரேஷனுமே சரி என்பது வாதம்.

அவ்வளவு பெரியவர் சொன்ன பிறகு யார் பணம் கொடுப்பார்கள்? டாக்டர்கள் இருவரும் விடவில்லை. அதே 1972-ல் ஸ்டீபன் ஹைல்மன் என்ற டாக்டர் கைகொடுத்தார். பிட்ஸ்பர்க் பக்கம் 'மெட்ராட்' என்ற சின்னக் கம்பெனி வைத்திருந்தவர். அவருடைய என்ஜினீயர்கள் பெட்டியைச் சுருக்கும் வேலையில் இறங்கினார்கள்.

நாய்க்குப் பயிற்சியாம்!

1970-களின் நடுவில் நாயின் உடம்புக்குள் பெட்டியை வைத்துப் படம் பிடித்தார்கள்.

படத்தில் நாய் நிற்கிறது. அதன் இதயத்தை வேண்டுமென்றே தாறுமாறாக்குகிறார்கள். நாய் பொத்தென்று விழுகிறது. சில வினாடிகளில் உள்ளே இருக்கும் பெட்டி அதிர்ச்சி கொடுக்கிறது. நாய் எழுந்து வாலை ஆட்டுகிறது!

பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. விழுந்து எழுந்து வாலாட்ட நாயைப் பழக்கியிருப்பார்கள் என்று சிலர் கேலி பண்ணினார்கள்!

அடுத்த தடவை, ஓடும் ஈ.சி.ஜி. கோட்டையும் நாயோடு சேர்த்துக் காட்டினார்கள். நாயைப் பழக்கலாம், அதன் இதயத்தைப் பழக்க முடியுமா? கேலி அடங்கியது.

1980 பிப்ரவரி 4

அன்றுதான் முதல் மனித சோதனை. இடம், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. நோயாளி, கலிபோர்னியாவில் இருந்து வந்த ஒரு பெண். ஏற்கனவே இதயம் நின்று பிழைத்தவர். மருந்துகள் பலிக்கவில்லை.

கத்தி பிடித்தவர் டாக்டர் லீவை வாட்கின்ஸ். அந்த ஆஸ்பத்திரியின் இதய ஆபரேஷன் பிரிவில் தலைமை ரெசிடெண்ட் ஆன முதல் கறுப்பர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

அன்றைய பெட்டி சுமார் கால் கிலோ கனம். நெஞ்சைத் திறந்து கம்பி பொருத்தி, வயிற்றுத் தோலுக்கு அடியில் பெட்டியை வைக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் வெற்றி! முதல் 3 நோயாளிகளின் விவரம் அதே ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் வந்தது. 1985-ல் அமெரிக்க அரசு இந்தப் பெட்டிக்கு அனுமதி கொடுத்தது.

கணக்கு பேசியது

மிரோவ்ஸ்கி 1990 மார்ச் மாதம் இறந்தார். வயது 65. அவரைக் கொண்டுபோனது இதய நோய் அல்ல, புற்றுநோய்.

அவர் பார்க்காமல் போன தீர்ப்பு 1996-ல் வந்தது. மாரடைப்பு வந்து இதயம் பலவீனமாகி, துடிப்புக் கோளாறு ஆபத்தில் இருந்த 196 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான மருந்து சிகிச்சை பெற்ற 101 பேரில் 39 பேர் இறந்தார்கள். பெட்டி வைத்த 95 பேரில் இறந்தவர்கள் 15 பேர்தான்.

அதற்காக லவுன் போன்றவர்களின் தயக்கம் முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. பெட்டி நோயைக் குணப்படுத்தாது, வரும்போது அடக்கும், அவ்வளவுதான். அதிர்ச்சி விழுந்தால் குதிரை உதைத்த மாதிரி இருக்கும் என்கிறார்கள் அனுபவப்பட்டவர்கள். சில நேரம் தேவையில்லாமலும் உதைக்கும். விலையோ லட்சக்கணக்கில். யாருக்கு வைப்பது என்பதை டாக்டர்கள் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பெட்டி இல்லாதவருக்கு?

பக்கத்தில் ஒருவர் திடீரென்று விழுந்து, பேச்சும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால், சோடா தெளிப்பதிலும் கையில் இரும்பு கொடுப்பதிலும் நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இன்னொருவர் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, 2 அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. கோபன்ஹேகன் மைதானத்தில் முதலில் செய்ததும் இதைத்தான்.

சரி, எரிக்சன் என்ன ஆனார்?

பெட்டியோடு ஆட இத்தாலியில் அனுமதி கிடைக்கவில்லை. இங்கிலாந்து போனார். 2022 பிப்ரவரியில் மறுபடி மைதானத்தில் இறங்கினார். 2024 ஜூன் 16-ந்தேதி அதே ஐரோப்பியக் கோப்பையில் சுலோவேனியாவுக்கு எதிராக டென்மார்க்குக்கு ஒரு கோலும் போட்டார்.

அவர் விழுந்து அன்றோடு 1,100 நாள். அந்தக் கோலை நெஞ்சுக்குள் இருந்த பெட்டியோடுதான் போட்டார்.